அப்பா கேட்ட பாஸ்ட்ராமி

போரோ பார்க், புரூக்ளின்
3 நவம்பர் 1974

வெல்வலுக்கு,

இந்தக் கடிதத்தை என் வீட்டுக்காரர் உன் டாக்ஸி கராஜில் வந்து கொடுப்பார். அவரிடம் எதையும் துருவிக் கேட்காதே. கேட்டால் எல்லாவற்றையும் கொட்டிவிடுவார், பாதி தப்பாக இருக்கும்.

பண்டிகை முடிந்த வாரம் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்துவிட்டது. வலது கை, வலது கால் வேலை செய்யவில்லை. பேச்சும் போய்விட்டது, எப்போதாவது இரண்டு சொல் வருகிறது. ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கூட்டி வந்துவிட்டோம். ஆனால் அவர் சாப்பிட மாட்டேன் என்கிறார். "தொண்டை நல்லாத்தான் இருக்கு, மனசுதான் விழுங்க மாட்டேங்குது" என்கிறார் டாக்டர். கோழி சூப், மீன், நூடுல்ஸ், எதைக் கொண்டுபோனாலும் வாயை இறுக்கிக்கொள்கிறார். போன வாரம் அவராகவே வாய் திறந்து ஒரு வார்த்தை சொன்னார். "பாஸ்ட்ராமி." அந்தப் புகை போட்ட மாட்டுக்கறிக்காக நான் செருப்புக்கூட மாட்டாமல் முனைக்கடைக்கு ஓடினேன். ஒரு வாய் மென்று என் உள்ளங்கையில் துப்பினார். "இது இல்ல" என்றார்.

நகரம் முழுக்கச் சுற்றுகிறவன் நீ. எந்தக் கடையில் எது நன்றாக இருக்கும் என்று உனக்குத் தெரியும். என் வீட்டுக்காரர் ஃபைவலை அனுப்பிப் பயனில்லை. அவருக்கு வயிற்றுப்புண், வேகவைத்த கோழியும் பாஸ்ட்ராமியும் அவருக்கு ஒன்றுதான்.

இரண்டு விஷயம். நம் மத விதிப்படி சமைக்கிற கோஷர் கடையில் மட்டும்தான் வாங்க வேண்டும், ஜன்னலில் மதகுரு ராபியின் சான்றிதழ் தொங்குகிறதா என்று பார்த்து. அடுத்த வீட்டு விருந்துக்குக்கூடத் தன் தட்டைத் தானே கொண்டுபோகிற மனிதர் அவர், உனக்கே தெரியும். நம் யூதத் தொழுகைக்கூடத்துக்கு இன்னும் அவர்தான் நிர்வாகி. இன்னொன்று, வாங்கியது நீ என்று அவருக்குத் தெரியக் கூடாது. தெரிந்தால் பட்டினி கிடந்தே போய்ச் சேருவார். போன் அவர் தலைமாட்டில் இருக்கிறது, அதனால் போனும் செய்யாதே.

வரும் பதினைந்தாம் தேதி வெள்ளிக்கிழமை காலையில் டாக்டர் வருவார். அதற்குள் ஒழுங்காகச் சாப்பிடவில்லை என்றால் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் மூக்கில் குழாய் போட்டுவிடுவார்கள். அப்பாவின் மூக்கில் குழாய்.

கிட்டல்


மன்ஹாட்டன்
5 நவம்பர்

மதிப்பிற்குரிய அக்கா அவர்களுக்கு,

பதினாறு வருஷம் கழித்து ஒரு கடிதம். அதில் 'எப்படி இருக்கிறாய்' என்று ஒரு வரி எழுதியிருந்தால் பேனா மை தீர்ந்துபோயிருக்குமா? நானே சொல்லிவிடுகிறேன். நன்றாக இருக்கிறேன். முதுகு வலிக்கிறது.

நகரத்தில் எண்பது லட்சம் பேர் இருக்க, அப்பாவுக்குச் சோறு போட நான்தான் கிடைத்தேனா? சாப்பாட்டுக்காகத்தானே என்னைத் துரத்தினார்கள்! மறந்திருந்தால் ஞாபகப்படுத்துகிறேன். இருபது வயதில் ஒரு நாள் இரண்டாவது அவென்யூவில் கப்லோவிட்ஸ் கடைக்குப் போனேன். பெயர்தான் நம் யூதப் பெயர், விதியும் இல்லை ராபியும் இல்லை. அங்கே சாப்பிட்டேன் என்று உலகத்தில் ஒரே ஒருத்தியிடம்தான் சொன்னேன். நீ அப்போது உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தாய். மறுநாள் வெள்ளிக்கிழமை, ஓய்வுநாள் தொடங்குகிற சப்பாத் விருந்து. அப்பா ரொட்டியைப் பிட்கப் போனவர் கையை நிறுத்தினார். "இறைச்சி மேல சீஸை வழியவிட்டு நாயாட்டம் தின்னியே, அந்த வாயோடவா என் மேஜைக்கு வர்றே? எந்திரிடா. இனி இந்த மேஜையில உனக்கு இடம் கிடையாது." அம்மா அழுதாள். நீ மட்டும் தலையே நிமிர்த்தவில்லை. போட்டுக்கொடுத்தவளால் எப்படி நிமிர முடியும்?

சரி, அதை விடு. பையில் இருப்பது டெலன்சி தெரு ஆல்ட்மன் கடை சாண்ட்விச். சான்றிதழ் ஜன்னலில் இருக்கிறது, ராபியின் தாடி அளவுக்கு நீளமாக. மாட்டின் வயிற்றுப் பக்கத்துக் கறி, மிளகும் கொத்தமல்லியும் பூசிப் புகையில் போட்டு, வெட்டும்வரை ஆவியில் வைத்திருக்கிறார்கள். ரை ரொட்டி இன்று காலையில் சுட்டது. இதைவிட நல்லது கிடையாது என்று கடைக்காரன் சத்தியம் செய்தான். எல்லாக் கடைக்காரனும் செய்கிற சத்தியம்தான்.

வெல்வல்


போரோ பார்க்
7 நவம்பர்

வெல்வலுக்கு,

துப்பிவிட்டார்.

சூடாக்கி, பொடிப்பொடியாக நறுக்கி ஊட்டினேன். இரண்டு முறை மென்றார், "இது இல்ல" என்றார். பிறகு இடது கை விரல் முட்டியால் மேஜையை இரண்டு முறை தட்டினார். டொக், டொக். தட்டிவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டு காத்திருந்தார். தண்ணீர் கொடுத்தேன், தலையை ஆட்டினார். திரையை விலக்கினேன், அதுவும் இல்லை. மறுபடி டொக், டொக். கோபமாக இருக்க வேண்டும். பிறகு கட்டைவிரலையும் சுட்டுவிரலையும் விரித்துக் காட்டினார். துண்டு அவ்வளவு தடிமனாக வேண்டும் போல. நீ அனுப்பியது காகிதம் மாதிரி இருந்தது.

நீ எழுதியதற்குப் பதில் எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். முடியவில்லை. நான் சொல்லவில்லை, வெல்வல். அன்றைக்கும் சொல்லவில்லை, அதன் பிறகும் யாரிடமும் சொல்லவில்லை. அப்பாவுக்கு எப்படித் தெரிந்தது என்று எனக்குத் தெரியாது. தலை குனிந்தது நான் அழுததை அவர் பார்க்கக் கூடாது என்று. நீ வாசலைத் தாண்டும்போது என்னைப் பார்த்த பார்வையை நான் கல்யாணத்தன்றுகூட மறக்கவில்லை. என் கல்யாணத்துக்கும் நீ வரவில்லை.

அவருடைய சட்டைக் கழுத்தில் இப்போது என் கையே நுழைகிறது. சீக்கிரம் ஏதாவது செய்.

கிட்டல்


மன்ஹாட்டன்
10 நவம்பர்

அக்காவுக்கு,

நீ சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. அப்படியென்றால் கப்லோவிட்ஸ் கடைச் சீஸே நடந்து வந்து அப்பாவிடம் சொல்லியிருக்கும். இருக்கட்டும்.

மூன்று நாளாக வண்டியில் ஏறுகிறவர்களைவிட நான் ஏறி இறங்கிய கடைகள்தான் அதிகம். வயிறு முழுக்க மிளகு. எல்லாக் கடையிலும் ஒரே கேள்வி கேட்டேன், நகரத்திலேயே நல்ல பாஸ்ட்ராமி எது? எல்லாரும் தங்கள் கடையைச் சொன்னார்கள். இரண்டாவது எது என்று கேட்டால் சண்டைக்கு வந்தார்கள்.

பிளாட்புஷ்ஷில் ஒரு கிழவன் கத்தியும் கையுமாக நிற்கிறான். "தடிமனா வெட்டுங்க" என்றேன்.

"எவ்வளவு தடிமன்?"

விரலை விரித்துக் காட்டினேன்.

"யாருக்கு? சிங்கத்துக்கா?"

"எங்க அப்பாவுக்கு. உடம்பு சரியில்ல."

"உடம்பு சரியில்லாதவருக்குக் கொழுப்பில்லாத கறிதான் குடுக்கணும். அதுகூடத் தெரியாம நீ என்ன புள்ள?"

இந்தக் கேள்வியைக் காசு கொடுத்து வாங்கிக்கொண்டு வந்தேன்.

மூன்று அனுப்புகிறேன். வெள்ளை நூல் கட்டியது பிளாட்புஷ். சிவப்பு நூல் ஆம்ஸ்டர்டாம் அவென்யூ. நூல் இல்லாதது பிராங்க்ஸ், கிராண்ட் கன்கோர்ஸ், அதுதான் என் கணக்கில் முதலிடம். மூன்றிலும் சான்றிதழ் பார்த்தேன். அத்தானிடம் கொடுக்கும்போது வாசனை பட்டே அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டார்.

ஒன்று சொல்லி முடிக்கிறேன். ராத்திரி படுத்தால் நீ எழுதிய அவருடைய சட்டைக் கழுத்துதான் ஞாபகம் வருகிறது. கோபமாக இருக்க வேண்டியவன் நான். ஏன் எனக்குத் தூக்கம் வரவில்லை என்று தெரியவில்லை.

வெல்வல்


போரோ பார்க்
12 நவம்பர்

வெல்வல்,

இனி அனுப்பாதே.

வெள்ளை நூல், சிவப்பு நூல், இரண்டையும் துப்பினார். பிராங்க்ஸ் சாண்ட்விச்சை ஒரு வாய் விழுங்கினார். விழுங்கிவிட்டார் என்று நான் துள்ளினேன். அப்போது பார்த்து உன் அத்தான் சந்தோஷத்தில் வாய் தவறி, "பாத்தியா, வெல்வல் வாங்கினா சோடை போகுமா" என்று சொல்லிவிட்டார். அப்பா என்னைப் பார்த்தார். கண்ணில் நீர் வந்தது. வாயை மூடினவர்தான், நேற்றிலிருந்து தண்ணீரைத் தவிர எதுவும் உள்ளே போகவில்லை. எப்போதாவது அந்த டொக், டொக் மட்டும் கேட்கிறது.

உன்னைக் கேட்டதே என் தப்பு. நீயும் அவரும் ஒரே களிமண். ஒருவர் பெயரைக் கேட்டால் இன்னொருவருக்கு வயிறு மூடிக்கொள்கிறது. நீ நினைத்திருந்தால் ஒரு நாளாவது வந்து வாசலில் நின்றிருக்கலாம். அம்மா சாவுக்கு மயானத்துக்கு வெளியே வண்டியை நிறுத்தி உள்ளேயே உட்கார்ந்திருந்தாயே, மீட்டர் ஓடிக்கொண்டிருந்ததா?

வெள்ளிக்கிழமை ஆம்புலன்ஸ் வரும். பையை மடித்துத் திருப்பி அனுப்புகிறேன்.

கிட்டல்


மன்ஹாட்டன்
13 நவம்பர்

அக்கா,

மீட்டர் ஓடவில்லை. அன்றைக்கு என் கால் இறங்கவில்லை, அவ்வளவுதான்.

உன் கடிதத்தை வண்டியில் வைத்தே படித்தேன். படித்ததும் எனக்கு வந்த ஆத்திரத்தில் ஒரு காரியம் செய்தேன். கப்லோவிட்ஸ் கடைக்குப் போனேன். அந்த ஒரு நாளுக்குப் பிறகு நான் அங்கே காலே வைத்ததில்லை. எதற்காக என்னைத் தலைமுழுகினார்களோ அதையே இன்னொரு முறை வயிறாரத் தின்றுவிட்டு இந்தக் குடும்பத்தை மறந்துவிடலாம் என்று போனேன். நான் சொல்வதை உட்கார்ந்து படி.

கடையில் கூட்டம். கறி வெட்டுகிறவர் முதுகைக் காட்டிக்கொண்டு ஆவிப்பெட்டியைத் திறந்துகொண்டிருந்தார். பெயர் லாயிப், ரொம்ப வருஷமாக அங்கேதான் இருக்கிறாராம். நான் காத்திருந்தேன். மனசு முழுக்க நீ எழுதிய டொக், டொக்தான். என்னை அறியாமல் விரல் முட்டியால் கண்ணாடியை இரண்டு முறை தட்டிவிட்டேன்.

அவர் திரும்பவே இல்லை. கொழுப்பு ஓரத்தோடு இருந்த துண்டாகப் பார்த்து எடுத்தார். விரல் தடிமனில் வெட்டி ஒரு சின்னத் தட்டில் வைத்து, "வாங்க பெரியவரே, ரொம்ப நாளாச்சு" என்று நீட்டினார். பிறகுதான் என் முகத்தைப் பார்த்தார்.

"நீ யாரு? எங்க பெரியவர் தட்டுற மாதிரியே தட்டுறே?"

"எந்தப் பெரியவர்?"

"ஒருத்தர் வருவாரு, வியாழக்கிழமை ஆனா. வாயத் திறந்து கேக்க மாட்டாரு. ரெண்டு தட்டு தட்டுவாரு. கொழுப்போட, தடிமனா வெட்டுன்னு அர்த்தம். இந்தக் கடையில அவருக்கு மட்டும்தான் அந்தப் பழக்கம்."

"எங்க உக்காருவாரு?"

"அதோ, தூணுக்குப் பின்னாடி. நுழைஞ்சதும் குல்லாவைக் கழட்டிக் கோட்டுப் பையில வச்சுக்குவாரு. போறப்ப வாசல்ல நின்னு போட்டுக்குவாரு. பேரு யாருக்கும் தெரியாது. இடது புருவத்துல ஒரு வெட்டு இருக்கும். பண்டிகைக்கு அப்புறம் ஆளையே காணோம். நல்லா இருக்காரா?"

அக்கா, அப்பாவின் முகத்தை நினைத்துப் பார். இடது புருவத்தில் வெட்டு.

நாம் நகரத்தின் அத்தனை கோஷர் கடைகளையும் அலசிக்கொண்டிருந்தோம். அப்பா கேட்பது என்றால் கோஷராகத்தான் இருக்கும் என்று உனக்கும் தோன்றியது, எனக்கும் தோன்றியது. அது இல்லை என்று ஒரு நொடிகூட நினைத்துப் பார்க்க நம் இரண்டு பேருக்கும் தைரியமில்லை.

அந்தத் துண்டை நான் தின்றேன். நன்றாகத்தான் இருந்தது. நகரத்திலேயே நல்லது அதுதான், சந்தேகமே இல்லை. அதுதான் எனக்கு வயிற்றெரிச்சல். வாரா வாரம் தூணுக்குப் பின்னால் உட்கார்ந்து தின்றவர், நான் ஒரு நாள் தின்றதற்கு என்னை எழுப்பி அனுப்பினார். நாளைக்கு நானே ஒன்று வாங்கி வருகிறேன். எச்சில் பண்ணாத தட்டில் வைத்து அவர் முன்னால் நீட்டி, நாய் யார் அப்பா என்று கேட்கப் போகிறேன். தெருவே கேட்கட்டும். அவருடைய தொழுகைக்கூடமும் கேட்கட்டும்.

வெல்வல்


போரோ பார்க்
14 நவம்பர், காலை

தம்பி,

முதலில் உன்னைத் திட்டினேன். பொய் என்றேன், புருவத்தில் வெட்டு யாருக்குத்தான் இல்லை என்றேன். கடிதத்தைக் கிழித்துப் போடத்தான் எடுத்தேன். பிறகு, உண்மையாக இருந்தால் என்ன செய்வது என்று பயம் வந்துவிட்டது. என் பெண் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு அப்பாவின் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். காதருகில் குனிந்து மெதுவாக, "கப்லோவிட்ஸ்" என்றேன்.

அவர் கண்ணைத் திறந்தார். பிறகு இடது கையைத் தூக்கித் தலையில் இருந்த குல்லாவை எடுத்தார். அதைத் தலையணைக்கு அடியில் வைத்தார். வைத்துவிட்டு வாயைத் திறந்தார், வெல்வல். குழந்தை மாதிரி வாயைத் திறந்து காத்திருந்தார்.

வெறும் தலையோடு இருப்பது கடவுளுக்கு அவமரியாதை என்பவர்; அப்பாவின் வெறும் தலையை நான் பிறந்ததிலிருந்து பார்த்ததில்லை. சமையலறைக்கு ஓடி வந்து குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

அழுதுகொண்டிருக்கும்போதுதான் எனக்கு ஒன்று உறைத்தது. உன்னுடைய முதல் கடிதத்தை எடுத்து மறுபடி படித்தேன். நீயும் எடுத்துப் பார், அப்பா சொன்ன வார்த்தையை நீயே எழுதியிருக்கிறாய். சீஸை வழியவிட்டுத் தின்னியே என்று. அன்றைக்கு நீ என்னிடம் கப்லோவிட்ஸில் பாஸ்ட்ராமி சாப்பிட்டேன் என்றுதான் சொன்னாய். சீஸைப் பற்றி மூச்சு விடவில்லை. சொல்லியிருந்தால் கையில் இருந்த உருளைக்கிழங்கை உன்மேல் எறிந்திருப்பேன். இறைச்சியோடு பால் சேர்ப்பது நம் விதிப்படி பெரும் பாவமாயிற்றே! நீ சாப்பிட்டது என்ன கிழமை? முந்தின நாள், வியாழன்.

அவர் அங்கே இருந்தார், தம்பி. தூணுக்குப் பின்னால். உன் தட்டைத் தன் கண்ணாலேயே பார்த்தார். எப்படித் தெரியும் என்று சொல்ல முடியாமல், நீ என்மேல் சந்தேகப்பட்டதை அப்படியே விட்டுவிட்டார். அவருக்குச் சோறு போட்டு, துணி துவைத்து, எத்தனை வருஷம் அவர் பக்கத்திலேயே இருந்தேன்! 'நீ சொல்லலைன்னு எனக்குத் தெரியும் கிட்டல்' என்று ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? எனக்கும் அவர் முகத்துக்கு நேராகக் கத்த வேண்டும்போல இருக்கிறது. உனக்கு முன்னால் வரிசையில் நான் நிற்கிறேன்.

ஆனால் நாளை காலை ஆம்புலன்ஸ். நான் ராபியிடம் போனேன். பெயர் சொல்லவில்லை. "ஒரு பெரியவர், சாப்பிடலைன்னா உயிருக்கு ஆபத்து. விலக்கப்பட்டதுதான் வேணுங்கிறார்" என்றேன்.

"கோஷர்லயே அதைக் குடுத்துப் பாத்தீங்களா?"

"பாத்தோம். துப்பிட்டார்."

"விலக்கப்பட்டதோட ருசி அவருக்கு எப்படித் தெரியும்?"

நான் கைப்பையின் கொக்கியைத் திறந்து மூடிக்கொண்டிருந்தேன். அவர் என் கையைப் பார்த்தார். "நான் இதைக் கேக்கல, நீங்களும் சொல்லல" என்றார். "உயிர்தான் முதல்ல. போய்க் குடுங்கம்மா."

இன்று சாயங்காலம் கொண்டு வா. பெண்களை நாத்தனார் வீட்டுக்கு அனுப்பிவிடுகிறேன். காகிதத் தட்டு வாங்கி வா, என் பாத்திரம் எதிலும் அது படக் கூடாது. சீஸ் கூடாது. கத்தாதே. கேட்க வேண்டியதை அவர் பிழைத்த பிறகு கேள், நானும் சேர்ந்து கேட்கிறேன்.

அக்கா


மன்ஹாட்டன்
14 நவம்பர், மதியம்

அக்கா,

அத்தான் பக்கத்தில் நிற்கிறார், அவசரமாக எழுதுகிறேன்.

நான் அன்றைக்கு ஜன்னலோரம் உட்கார்ந்து, சீஸை விரலால் வழித்து நக்கிக்கொண்டு, பெரிய ஆளாகிவிட்டேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். என் முதுகுக்குப் பின்னால் அப்பா தலையில் ஒன்றும் இல்லாமல் உட்கார்ந்திருந்தார். பாவம், அவர் எழுந்து வெளியே போகவும் முடிந்திருக்காது. நான் போகிறவரை அந்தத் தூணோடு ஒட்டிக்கொண்டு இருந்திருப்பார். இதை நினைத்தால் சிரிப்பு வருகிறது, உடனே அழுகையும் வருகிறது.

உன்மேல் நான் சுமத்தியது சின்னப் பழி இல்லை. அதைக் கடிதத்தில் தீர்க்க முடியாது, நேரில் வைத்து என்னைத் திட்டு.

கொண்டு வருகிறேன். கத்த மாட்டேன். ஆனால் உட்காரவும் மாட்டேன். உன் வீட்டுச் சாப்பாட்டு மேஜை அப்பாவுடையதுதான் என்று அத்தான் சொல்கிறார். அதில் எனக்கு இடம் கிடையாது என்று சொன்னவர் கூப்பிடட்டும், உட்காருகிறேன். அவரால் பேச முடியாது என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் எனக்கு அது வேண்டும்.

வெல்வல்


போரோ பார்க்
15 நவம்பர், வெள்ளி, நண்பகல்

தம்பி,

சொன்னபடியே செய்தாய். கோட்டைக்கூடக் கழற்றாமல் கதவோரம் நின்று, அவர் முதல் வாய் விழுங்கியதும் படியிறங்கிப் போய்விட்டாய். ஜன்னலைத் திறந்து கூப்பிட்டேன், உன் வண்டி கிளம்பிவிட்டது.

நீ போன பிறகு பாதி சாண்ட்விச்சைச் சாப்பிட்டார். துப்பவே இல்லை. கடுகு விழுதை விரலால் தொட்டு நக்கினார். காலையில் டாக்டர் வந்து நாடி பிடித்துப் பார்த்துவிட்டு, "என்ன குடுத்தீங்க?" என்றார். "இறைச்சி" என்றேன். "எந்தக் கடைன்னு கேட்டு வச்சுக்குங்க" என்றார். ஆம்புலன்ஸ் வரவில்லை.

இப்போது தொல்லை வேறு. மீதிப் பாதியை அவர் தொட மாட்டேன் என்கிறார், யாரையும் எடுக்கவும் விட மாட்டேன் என்கிறார். நேற்று நீ நின்ற பக்கமாக இருக்கும் நாற்காலிக்கு முன்னால் தட்டை இடது கையாலேயே நகர்த்தி வைத்தார். அம்மா உயிரோடு இருந்தபோது உன்னுடையதாக இருந்த நாற்காலி. வைத்துவிட்டு மேஜையைத் தட்டினார். என்னைப் பார்த்துத் தட்டவில்லை, அந்த நாற்காலியைப் பார்த்துத் தட்டினார். படுக்கப் போகும்வரை தட்டினார். காலையில் கண் விழித்ததும் மேஜைக்குத் தள்ளிக்கொண்டு போகச் சொல்லி மறுபடி ஆரம்பித்துவிட்டார். இதற்குமேல் அவரால் எப்படிக் கூப்பிட முடியும்?

இன்று சாயங்காலம் சப்பாத். நான் வெள்ளை விரிப்பு விரித்து மெழுகுவத்தி ஏற்ற வேண்டும். அந்தத் தட்டு மேஜையில் இருக்கிறவரை என்னால் முடியாது. என் வீட்டில் இதுவரை இப்படி ஒரு வெள்ளிக்கிழமை வந்ததில்லை. சூரியன் மறைவதற்குள் ஏற்றியாக வேண்டும், அதுவோ சீக்கிரம் இறங்கிவிடுகிறது. மீதி காய்ந்து கட்டையாகிவிட்டது, அதனால் வரும் வழியில் புதிதாக ஒன்று வாங்கிக்கொண்டு வா. அவர் எதிரில் உட்கார்ந்து சாப்பிட்டு முடி. பிறகு தட்டைத் தூக்கி எறிகிறேன், மேஜையைத் துடைக்கிறேன், விளக்கேற்றுகிறேன். நீ எழுந்து போக வேண்டியதில்லை.

உன்னிடம் குல்லா இருக்காது என்று அத்தான் சொன்னார். தேடி அலைந்து நேரத்தைக் கழிக்காதே. அப்பாவும் தலையில் ஒன்றும் இல்லாமல்தான் உட்கார்ந்திருக்கிறார்.

கிட்டல் அக்கா